சூப்பர் பாண்டரோசாவும் என்னோட 300 மி.மீ.யும்

இரும்பை ஏரியில நடுத்தண்ணியில நிக்கிற கொக்கு, 300 மி.மீ. லென்ஸ்ல வெறும் வெள்ளைப் புள்ளிதான். கடன் வாங்கியாவது 600 வாங்கணும்னு கை பரபரக்கும். பொறுங்க மக்களே, முதல்ல மா. கிருஷ்ணன் கதையைக் கேளுங்க.

1912-ல பிறந்தவர். அவரோட கேமராவுக்கு பாடி ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, மத்ததெல்லாம் அவரே கோத்தது. பேரு 'சூப்பர் பாண்டரோசா'! படமெல்லாம் கறுப்பு வெள்ளை. 1950-லேர்ந்து 1996-ல மறையற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன்ல இயற்கை பத்தி எழுதினார், 1970-ல பத்மஸ்ரீ. உயிர்களோட பழக்கவழக்கம் அவருக்கு அத்துப்படி.

கணக்கும் அவர் பக்கம்தான்: தூரம் பாதியானா 300-லயே 600-க்கான அளவு கிடைச்சிடும். நாம நெருங்கினா கொக்கு பறந்துடும். அசையாம உக்காந்தா அதுவா கிட்ட வரலாம். அதனால இப்போதைக்கு 300 போதும்னு முடிவு பண்ணிட்டேன். பறக்கும்போது ஷட்டர் மட்டும் 1/1000-க்குக் கீழ விடறதில்ல. கடன் மிச்சம்!