உகுலேலேயா? அக்கார்டியனா?

கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. மகளுக்குப் பத்து வயது. "அப்பா, எனக்கு உகுலேலே வாங்கிக் குடுங்கப்பா" என்று தினமும் நச்சரிப்பு. வகுப்பில் இரண்டு பேர் வைத்திருக்கிறார்களாம். எனக்கோ சின்ன வயதிலிருந்தே அக்கார்டியன் மேல் ஒரு கண். எம்.எஸ்.வி. பாட்டுகளின் இடையிசையில் அது எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சொக்கிப்போவேன். "அதை வாங்கலாம், நானும் கூடவே கத்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். தங்கமணி ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "ரெண்டும் வேணாம். ஒழுங்கா நம்ம வாத்தியம் ஏதாவது கத்துக்கட்டும். வீணையோ வயலினோ."

அந்த "நம்ம வாத்தியம்"தான் என்னை யோசிக்க வைத்தது. வயலின் எப்போதிருந்து நம்முடையது?

இங்கே பெங்களூரில் மல்லேஸ்வரம் பக்கம் போனவர்கள் சௌடையா நினைவு அரங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். கட்டடமே வயலின் வடிவம். தந்தி, வில் எல்லாம் உண்டு. 1980ல் திறந்தார்கள். மைசூர் டி. சௌடையா (1895-1967) மைக் பரவலாக வராத காலத்து வித்வான். கடைசி வரிசைக்கும் சத்தம் போய்ச் சேர வேண்டுமென்று நாலு தந்தி வயலினில் இன்னும் மூன்றைச் சேர்த்து ஏழாக்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு வாத்தியத்துக்குக் கன்னட நாடு கோயில் மாதிரி ஒரு கட்டடம் எழுப்பியிருக்கிறது!

இத்தனைக்கும் அது வந்து சேர்ந்து ரொம்ப காலமாகவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக்குப் பக்கத்திலுள்ள மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டதாகத்தான் கதை தொடங்குகிறது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834ல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். நம் ஆட்கள் அதைத் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் சாய்த்து வாசித்தார்கள். தந்திகளின் சுருதியையும் ச-ப-ச-ப என்று மாற்றிக்கொண்டார்கள். இன்று வயலின் இல்லாத கச்சேரியே அபூர்வம்.

ஏன் வயலினுக்கு மட்டும் இந்த மரியாதை? எனக்குப் புரிந்த வரையில் நம் இசை ஒரு வாத்தியத்திடம் இரண்டு கேள்விகள் கேட்கிறது. ஒன்று, ஸ்வரத்தை நீட்டத் தெரியுமா? இரண்டு, ஸ்வரத்தை வளைக்கத் தெரியுமா, அதாவது கமகம் வருமா? வில்லை இழுக்கும் வரை வயலினில் நாதம் நீளும். விரலை நகர்த்தினால் வளையும். குரல் செய்வதெல்லாம் அது செய்யும். இரண்டிலும் பாஸ்!

இனி என் ஆள் அக்கார்டியனுக்கு வருவோம். 1829ல் வியன்னாவில் சிரில் டெமியான் என்பவர் இந்தப் பெயரில் காப்புரிமை பெற்றார். துருத்தியை அழுத்தினால் காற்று போய் உலோக நாக்குகளை அதிரவைக்கும், அவ்வளவுதான் சூத்திரம். அதே சூத்திரத்தில் பாரிஸில் அலெக்சாந்தர் டெபான் 1842ல் காப்புரிமை பெற்றதுதான் ஹார்மோனியம். ஒரே குடும்பத்துப் பங்காளிகள். காலால் மிதிக்கும் மேஜை மாதிரி இருந்த ஹார்மோனியத்தைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போடும் பெட்டியாக மாற்றிய பெருமை கல்கத்தா துவாரகாநாத் கோஷுக்குப் போகிறது.

ஆனால் இது இரண்டாவது கேள்வியில் ஃபெயில். நீட்டும், வளைக்காது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. பாரதியாரே ஹார்மோனியத்தைக் கடிந்து எழுதியிருக்கிறார். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் வானொலியில் இருந்தபடியே அதற்கு எதிராக எழுதினார். தாகூருக்கும் அது பிடிக்காது. 1971ல்தான் தடை ஓரளவு தளர்ந்தது.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் பஜனை மடத்தில் மார்கழி மாதம் தாத்தாதான் ஹார்மோனியம். "நான் என்ன வித்வானா? பொட்டி வாசிக்கிறவன்" என்று அவரே தன்னைத் தாழ்த்திக்கொள்வார். அது தன்னடக்கம் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடைக் கதையைப் படித்த பிறகுதான், அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்திருக்கும் என்று உறைத்தது.

வேடிக்கை என்னவென்றால், பெட்டியைக் கேவலமாகப் பார்த்த சபைகளிலும் பாடகர்கள் "எனக்கு ரெண்டு கட்டை, அவருக்கு ஒண்ணரைக் கட்டை" என்றுதான் சுருதி சொல்கிறார்கள். அந்தக் கட்டை ஹார்மோனியத்தின் கட்டைதான்! கச்சேரியில் ஓரமாக வைத்திருந்த சுருதிப் பெட்டியும் அதே துருத்தி, அதே நாக்கு. பாட விடாமல் "ச"வும் "ப"வும் மட்டும் பிடிக்கச் சொன்னால் பெட்டிக்கு மேடையில் இடம் உண்டு. நாடக மேடையில் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அண்ணன் காசி ஐயரின் ஹார்மோனியம்தான் பக்கபலம்.

சரி, மகளுடைய உகுலேலே? அது நம்மைப் போலவே பிழைக்கப் போன இடத்தில் பிறந்தது. 1879 ஆகஸ்டில் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டவர்களோடு ஒரு கப்பல் ஹவாய்க்கு வந்தது. கரும்புத் தோட்டத்து வேலைக்கு வந்த கூட்டம். கூடவே வந்த மூன்று தச்சர்கள், தங்கள் ஊர் மச்சேத் என்ற குட்டி வாத்தியத்தை ஒட்டிச் செய்ததுதான் உகுலேலே. ஹவாய் மன்னர் கலாகௌவா ஆதரித்தார். சில ஆண்டுகளிலேயே அது ஹவாயின் அடையாளமாகிவிட்டது. வந்தவர்கள் செய்தது, இருந்தவர்களுடையதாகிவிட்டது.

நம் பரீட்சையில் அது எப்படி? தந்தியை ஓரமாக இழுத்தால் கொஞ்சம் வளையும். ஆனால் நைலான் தந்தி, சின்ன உடம்பு, மீட்டிய நாதம் உடனே செத்துவிடும். அக்கார்டியனுக்கு நேர் எதிர். இதுவும் தீராத குறை இல்லை. மாண்டலினுக்கும் இதே நோய் இருந்தது. உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) இரட்டை இரட்டையாக இருந்த எட்டுத் தந்திகளை ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி, மின்சாரம் சேர்த்து நாதத்தை நீட்டினார். சிறுவனாக இருக்கும்போதே சபைகளை வாயடைக்க வைத்தார்.

ஆக, நம்ம வாத்தியம் என்று எதுவும் சீட்டு எழுதிக்கொண்டு பிறப்பதில்லை. யாராவது ஒருவர் அதனுடன் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, அதன் குறைக்கு மருந்து தேடினால் அது நம்முடையதாகிவிடுகிறது. மல்லுக்கட்ட வேண்டியது மகள். அதனால் தேர்வும் அவளுடையதாக இருப்பதுதான் நியாயம். பெரிய அக்கார்டியன் பத்து கிலோ வரும், பத்து வயதுத் தோள் தாங்காது என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் :-)

உகுலேலே வாங்கியாயிற்று. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, பரணிலிருந்த தாத்தாவின் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு நாக்கு பேசவில்லை, துருத்தியில் ஓர் ஓட்டை. இங்கே ஒருவரிடம் கொடுத்துச் சரி செய்தேன்.

இப்போது சாயங்காலங்களில் அவள் மீட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு துருத்தி போடுகிறேன். அவள் நாதம் சட்டென்று நிற்கும் இடத்தில் தாத்தாவின் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. தங்கமணி சமையலறையிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. சுருதி சேரவில்லையென்றால் மட்டும் குரல் வருகிறது.