முன்சக்கரம் திரும்பி வந்த கதை

பழைய படங்களில் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கி நிற்கும் விமானங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, முன்சக்கரம் பிற்காலக் கண்டுபிடிப்பு என்றே தோன்றும். உண்மை அதுவல்ல. 1908இல் அமெரிக்காவில் கிளென் கர்டிஸ் ஓட்டிய 'ஜூன் பக்' விமானத்திலேயே முன்சக்கரம் இருந்தது. அதற்கு உந்துவிசிறி பின்பக்கம். விசிறி முன்னால் வந்ததும், அது மண்ணில் இடிக்காமலிருக்க மூக்கை உயர்த்த வேண்டியதாயிற்று; வாலுக்கு ஒரு மரக்கட்டை போதும் என்றானது. அன்று இறங்குமிடம் மேடுபள்ளமான புல்வெளி, பிரேக்கும் கிடையாது. தரையைக் கீறிக்கொண்டு வரும் அந்தக் கட்டையே வேகத்தையும் குறைத்தது. முன்சக்கரத்தைக் கைவிட்டவர்களை அறியாதவர்கள் என்று சொல்வது அநியாயம். அந்த மண்ணுக்கு அதுவே சரி.

ஆனால் அதற்கு விலை இருந்தது. கைவண்டியை முன்னின்று இழுத்தால் நேராக வரும். பின்னின்று தள்ளினால் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். வால்சக்கர விமானத்தில் எடையின் மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் ஓடும்போது சற்றே கோணினாலும் சுழன்றுவிடும். முன்சக்கரம் வைத்தால் மையம் முன்னே வந்து, விமானம் தானே நேராகும். ஃப்ரெட் வைக் 1934இல் தன் டபிள்யூ-1 விமானத்தில் இதைச் செய்துகாட்டினார்.

ஜெட் எஞ்சின்தான் முன்சக்கரத்தைக் கொண்டுவந்தது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களிடம் வலுவான சான்றும் இருக்கிறது. 1942 ஜூலை 18 அன்று லைப்ஹைமில், வால்சக்கரம் கொண்ட மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் வேகமெடுத்தும் வால் எழவில்லை. மூக்கில் விசிறி இல்லாததால் வாலின் சுக்கானுக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை. விமானி ஃப்ரிட்ஸ் வெண்டல், ஓட்டத்தின் நடுவே பிரேக்கை ஒரு தட்டுத் தட்டித்தான் வாலை எழுப்பினார். அந்த விமானத்துக்கும் பிறகு முன்சக்கரமே வந்தது. ஆனால் விசிறி விமானங்களான டிசி-4இ 1938இலும், பி-38, பி-24 இரண்டும் 1939இலும் முன்சக்கரத்தோடு பறந்துவிட்டன. பாரமும் வேகமும் கூடி, கெட்டியான ஓடுபாதைகளும் பெருகியதே முதற்காரணம். ஜெட் பின்னால் வந்த துணை. அலாஸ்காவின் ஆற்றுமணலில் இறங்கும் சிறுவிமானங்கள் இன்றும் வால்சக்கரத்தை விடவில்லை என்பதும் இதையே காட்டுகிறது.

செஸ்னா நிறுவனம் தன் வால்சக்கர 170 மாதிரிக்கு முன்சக்கரம் பொருத்தி, 172 என்று 1956இல் விற்பனைக்கு விட்டது. இதுவரை 44,000க்கும் மேல் செய்தாயிற்று. வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை.