தோட்டக் கொட்டகைக்கு அனுமதி: இங்கிலாந்தில் ஒரு விதியின் வரலாறு

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் கொட்டகை போட நினைப்பவர் இன்றும் 1948 ஜூலை 1 என்ற தேதியைக் கணக்கில் கொள்ள வேண்டும். அன்று வீடு எப்படி இருந்ததோ அதுவே சட்டத்தின் பார்வையில் மூல வீடு. அதற்குப் பின் கட்டப்பட்ட வீடானால், முதலில் எழுப்பிய வடிவமே மூல வீடு. அது நிற்கும் இடம் போக எஞ்சிய மனையில் பாதிக்கு மேல் பிற கட்டடங்கள் அடைத்துக்கொள்ளக் கூடாது.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கும் வரை, தன் நிலத்தில் என்ன கட்டுவது என்பது பெரும்பாலும் உடைமையாளரின் விருப்பம். சுகாதாரத்துக்கான துணைவிதிகள் மட்டுமே குறுக்கே நின்றன. 1909-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நகரத் திட்டம் வகுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு முதலில் அளித்தது. 1932-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நாட்டுப்புறத்துக்கும் நீட்டியது. ஆனால் திட்டம் வகுப்பது கட்டாயமாக்கப்படவில்லை. அந்த இடைவெளியில், மலிவு விலைக்குக் கூறுபோட்டு விற்ற மனைகளில், கான்வி தீவு, ஜேவிக், பீஸ்ஹேவன் போன்ற இடங்களில் மரக் குடில்கள் பெருகின. பழைய ரயில் பெட்டிகளை வாங்கி நிறுத்தியும் மக்கள் குடியேறினர். நகர நெரிசலிலிருந்து தப்பிய ஏழைக் குடும்பங்களுக்கு அவை விடுதலை. நாட்டுப்புற அழகைக் காக்க எழுந்த இயக்கத்தினருக்கோ கண்ணுறுத்தல்.

இரண்டாம் உலகப் போர் தோட்டத்துக்குள் வேறொரு கட்டடத்தைக் கொண்டுவந்தது. 1939 முதல் வீடுகளுக்கு வழங்கப்பட்ட ஆண்டர்சன் பதுங்கிடம், வளைந்த நெளி எஃகுத் தகடுகளைப் பூட்டிச் செய்தது. பாதி மண்ணுக்குள் புதைந்து நிற்கும். போர் முடிந்ததும் பலர் அந்தத் தகடுகளைத் தோண்டியெடுத்து, தரைமேல் நிறுத்தி, மண்வெட்டியும் விதையும் வைக்கும் கொட்டகையாக்கிக்கொண்டனர்.

அட்லி தலைமையிலான தொழிற்கட்சி அரசு 1947-இல் கொண்டுவந்த நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. நிலம் உடைமையாளரிடமே இருந்தது. அதில் புதிதாகக் கட்டும் உரிமை அரசின் கைக்குப் போனது. இழப்பீட்டுக்கென 30 கோடி பவுண்டு நிதி ஒதுக்கப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்தான் 1948 ஜூலை 1. ஆனால் ஒவ்வொரு கோழிக்கூண்டுக்கும் விண்ணப்பம் கேட்டால் அலுவலகங்கள் தாங்காது. எனவே சின்னஞ்சிறு வேலைகளுக்கு ஒட்டுமொத்தமாக முன்கூட்டியே அனுமதி தரும் பொது ஆணையும் உடன் வந்தது. இன்று ‘அனுமதி தேவையில்லை’ என்று மக்கள் சொல்வது உண்மையில் இந்த முன் அனுமதியைத்தான்.

அந்த அனுமதி பயன்பாட்டையும் பொறுத்தது. கட்டடம் வீட்டு வாழ்வுக்குத் துணையானதாக இருக்க வேண்டும். உடைமையாளர் மனம்போனபடி எதையும் துணை என்று சொல்லிவிட முடியாது, நியாயமான தேவை இருக்க வேண்டும் என்று 1989-இல் ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வேல்ஸில் ஒரு வீட்டில் 44 நாய்கள் பொழுதுபோக்காக வளர்க்கப்பட்டதும் இந்த அளவுகோலில் தோற்றது. பின்னாளில் லண்டனிலும் ஸ்லவ் நகரிலும் கொட்டகைகளில் ஆட்களைக் குடிவைத்து வாடகை வாங்கியதும் இவ்விதியை மீறிய செயலே.

அளவு விதிகளில் பெரிய திருத்தம் 2008 அக்டோபர் 1-இல் வந்தது. அதுவரை 1995-ஆம் ஆண்டு ஆணைப்படி முகடுள்ள கூரை 4 மீட்டர், மற்றவை 3 மீட்டர் உயரம்வரை எழலாம். வேலியை ஒட்டியும் எழலாம். தோட்ட வேலி 2 மீட்டர்வரை அனுமதிக்கப்படுவது. ஆக, அதைப் போல் இரு மடங்கு உயரத்தில் ஒரு கூரை பக்கத்து வீட்டுக் காய்கறிப் பாத்தியின் வெயிலை மறைத்தாலும் சட்டம் தடுக்கவில்லை. புதிய விதி, அயலார்மீது விழும் பாதிப்பையே அளவாகக் கொண்டது. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டினால் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வேலிக்கு மேல் தெரிவது அரை மீட்டரே. தள்ளிக் கட்டினால் இருபுறச் சரிவுக் கூரைக்கு 4 மீட்டர், மற்றவற்றுக்கு 3 மீட்டர், இறவாரம் 2.5 மீட்டர். ஒரே தளம்தான், வீட்டின் முகப்புக்கு முன்னால் கட்டவும் கூடாது.

2015 ஏப்ரல் 15 முதல் நடப்பிலுள்ள ஆணையும் இந்த அளவுகளையே தொடர்கிறது. அடுக்ககங்களுக்கு இவ்வுரிமை இல்லை. பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிட்ட வீட்டின் மனையில் தனி அனுமதி வேண்டும். கட்டுமானப் பாதுகாப்பு விதிகள் வேறு. 15 சதுர மீட்டருக்குள், படுக்கை வசதியின்றிக் கட்டினால் பொதுவாக அவற்றிலிருந்து விலக்கு உண்டு. அனுமதியின்றி எழுப்பிய கட்டடத்தின்மேல் நான்கு ஆண்டுகளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றிருந்த கெடு, 2024 ஏப்ரல் 25 முதல் பத்து ஆண்டாயிற்று.

1947-இல் எல்லோரிடமிருந்தும் எடுத்துக்கொண்ட உரிமையில் ஒரு சிறு பங்கை அரசு திருப்பித் தந்தது. அந்தப் பங்கின் எல்லையைப் பக்கத்து வீட்டாருக்குக் கிடைக்க வேண்டிய வெளிச்சத்தைக் கொண்டு வகுத்ததே இவ்விதியின் நியாயம்.