ரூபிடியத்துக்கு ஓர் அம்மிக்கல்

நான் டெலிபோன் துறையில் இருந்தவன். வேலை சிதம்பரத்தில், வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பஸ்ஸில் போய்வந்தே பாதி ஆயுள் கழிந்தது. டிஜிட்டல் எக்சேஞ்ச் வந்தபோது எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை ‘ஸ்லிப்’. இரண்டு எக்சேஞ்சுகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் 125 மைக்ரோ வினாடித் துண்டு ஒன்று தொலைந்துபோகும், அல்லது இரண்டு தடவை வரும். பேச்சில் அது தெரியாது. ஃபேக்ஸ் போய்க்கொண்டிருந்தால் பக்கம் கெட்டுவிடும். பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு துல்லியமுள்ள கடிகாரம் இரண்டு பக்கமும் இருந்தால் 72 நாளுக்கு ஒரு ஸ்லிப்தான். அந்த 72-ஐ மனப்பாடம் பண்ணித்தான் பரீட்சை எழுதினேன். அப்படிப்பட்ட அணுக் கடிகாரத்தை மட்டும் சர்வீஸ் முடியும்வரை கண்ணால் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு அது தானாகவே வீட்டுக்கு வந்தது. செல்போன் கோபுரங்களில் பழைய சாதனங்களைக் கழற்றியபோது அவற்றுக்குள் இருந்த ரூபிடியம் பெட்டிகள் சீனா வழியாக உலகம் முழுக்கக் கழிவு விலைக்கு விற்பனைக்கு வந்தன. 2011-இல் நான் ஒன்று வாங்கினேன். நியூயார்க்கில் உள்ள ஃப்ரீக்வென்சி எலெக்ட்ரானிக்ஸ் செய்த எஃப்இ 5680ஏ. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தைவிடச் சின்னது.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு சிறிய ரூபிடியம் விளக்கு. அதன் ஒளி ரூபிடியம் ஆவி நிரம்பிய கண்ணாடிக் குப்பியைத் தாண்டி வரும். வினாடிக்கு சுமார் 683 கோடியே 46 லட்சம் தடவை துடிக்கும் மைக்ரோ அலையைக் குப்பியில் செலுத்தினால் வெளியே வரும் ஒளி கொஞ்சம் மங்கும். அந்த மங்கலைப் பிடித்துக்கொண்டு ஒரு குவார்ட்ஸ் படிகத்தை வழிக்குக் கொண்டுவருகிறார்கள். ரூபிடியம் 39 டிகிரியில் உருகிவிடும் உலோகம். மே மாதக் கடலூரில் அதற்கு அடுப்பே வேண்டாம் என்று நினைத்தேன். உருகினால் போதாது, ஆவியாக இருக்க வேண்டும், அதுவும் ஒரே சீராக. அதனால் விளக்கையும் குப்பியையும் ஹீட்டர் வைத்து எப்போதும் சூடாகவே வைத்திருப்பார்கள்.

என் கஷ்டம் இங்கேதான் ஆரம்பம். சூடாக்கிக்கொண்டே இருக்கும் பெட்டியைக் குளிர்விக்கவும் வேண்டும். பெட்டி 15 வோல்ட் கேட்டது. ஆரம்பத்தில் இரண்டு ஆம்பியர் பக்கம் இழுத்து, ஐந்து நிமிடத்தில் ‘லாக்’ ஆனதும் முக்கால் ஆம்பியருக்கு இறங்கும். கரண்ட் கட் மணிக்கணக்கில் இருந்த வருடங்கள் அவை. (நெய்வேலி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?) யுபிஎஸ் பேட்டரி, 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர், இரண்டை வரிசையாக இணைத்து, சார்ஜரோடு போட்டு, எல்எம் 338 ரெகுலேட்டர் வழியாக 15 வோல்ட் எடுத்தேன். ரெகுலேட்டரிலேயே ஒன்பது வாட் வெறும் சூடாகப் போனது. பெட்டியில் பதினொன்று.

மின்விசிறி வைத்துப் பார்த்தேன். ஜிபிஎஸ் தரும் ஒரு வினாடித் துடிப்போடு ஒப்பிட்டால் பகலில் ஒரு வேகம், விடியற்காலையில் ஒரு வேகம். காற்று பட்டால் ஒன்று, நின்றால் இன்னொன்று. குளிர்ச்சியைவிட நிதானம்தான் அதற்கு முக்கியம் என்று புரிய ஒரு கோடைகாலம் ஆனது. கடைசியில் பழைய இரும்புக் கடையில் கிடைத்த தடித்த அலுமினியத் தகட்டில் பெட்டியைத் திருகி, மிக்ஸி வந்தபின் கொல்லையில் கிடந்த அம்மிக்கல்லின் மேல் வைத்தேன். கல் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். இரவும் பகலும் அதற்குச் சட்டென்று தெரியாது.

கருங்கல்லும் கடிகாரமும் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்தார். ஒரு தனி மனிதரின் ஆசைதான். அந்தக் கருவிகளைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்க நிறுத்திய 15 அடிக் கருங்கல் தூணில் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். தூண் இன்னும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே கணித்த நேரம்தான் மெட்ராஸ் டைம், ரயில்களை நடத்திய நேரம். 1906 ஜனவரி 1 முதல் வந்த இந்திய நேரத்தைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் பின்தங்கியது. ஷெல்டன் என்று பெயர் பொறித்த பெண்டுலக் கடிகாரம் ஒன்று அங்கிருந்து கொடைக்கானல் வானாய்வுக்கூடத்துக்குப் போனது. அது பெட்ரியுடையதாகவே இருந்திருக்கும் என்கிறார்கள். அவர்களுக்கும் எதிரி வெயில்தான். எஃகுக் கம்பியில் தொங்கும் பெண்டுலம், ஒரு டிகிரி கூடினால் நாளைக்கு அரை வினாடி தாமதிக்கும். பித்தளையையும் எஃகையும் மாற்றி மாற்றி வைத்து ஒன்றின் நீட்சியை இன்னொன்றால் கழித்தார்கள். என் அம்மியைவிட நல்ல யோசனை.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையேறியது. தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை. பெட்டி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடியதன் பதிவு நோட்டில் இருக்கிறது. அதை விட மனசில்லை. கணக்குப் போட்டால் எட்டு மணி நேரம் தாங்கும். பாதி ஏற்கெனவே போய்விட்டது.

படுத்த படுக்கையாக இருந்த அம்மா அதற்குமுன் ஒருநாள், “ஏண்டா, அந்தப் பொட்டியில பாலா காய்ச்சுற? இப்படிக் கொதிக்குது” என்று கேட்டிருந்தார். அன்று சாயங்காலம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மனைவிதான், “ஏங்க, ராத்திரி அத்தைய இருட்டுல எப்படிப் பாத்துக்கறது?” என்றாள். நான் பதில் சொல்லாமல் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிறகு கம்பியைக் கழற்றி, ஒவ்வொரு பேட்டரியிலும் ஒரு 3 வாட் எல்ஈடி விளக்கைக் கட்டினேன். சிக்கனமாகப் போட்டதில் இரண்டு ராத்திரி எரிந்தது. மூன்றாம் நாள் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர் சார்ஜ் பண்ணிக் கொடுத்தார்.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினைந்து நாள் ஆனது. பெட்டியை மறுபடி போட்டேன். ஐந்தாவது நிமிடம் லாக். இரண்டு நாள் சூடேறியபின் அளந்தால், நாளைக்கு ஒரு மைக்ரோ வினாடிக்குள் பழைய இடத்துக்கே வந்திருந்தது. நான் கவலைப்பட்டதற்கு ஒரு காரணமும் இல்லை.

கவலைப்படக் காரணம் இருந்தவர்கள் வேறு. 2013 ஜூலை 1-இல் போன நம் முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஐஆர்என்எஸ்எஸ் 1ஏ-வில், சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கிய மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் கெட்டுப்போயின. அங்கே போய்ப் பேட்டரி மாற்ற முடியுமா, அம்மி வைக்க முடியுமா? மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது ராக்கெட்டின் வெப்பக் கவசம் கழலாமல் வீணானது. 2018 ஏப்ரலில்தான் அந்த இடம் நிரம்பியது. 2023 மே 29-இல் நாமே செய்த ரூபிடியம் கடிகாரம் என்விஎஸ் 01-இல் ஏறியது. அன்று டி.வி.யில் பார்த்துக்கொண்டே எழுந்துபோய்ப் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சூடு அதே அளவில் இருந்தது.

அம்மா இப்போது இல்லை. மிக்ஸியில் அரைத்த துவையல் துவையலே இல்லை என்று மனைவி அம்மியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேறு கல் தேடிக்கொண்டிருக்கிறேன்.