மிசியின் கண்



மருத்துநீரைத் தலையில் வைத்துத்தான் நாங்கள் வருஷத்தைத் தொடங்குகிறோம். முதலில் உடம்பு சுகம், பிறகுதான் கைவிசேஷம் எண்டு எங்கட முன்னோர் நினைத்திருக்க வேணும். ஆகவே இந்தப் புத்தாண்டு மலரில், நோயாளியின் பக்கத்தில் நிற்கும் ஒரு தொழிலின் வரலாற்றை எழுத விரும்பினேன். ஊரில் நாங்கள் 'மிசி' என்று கூப்பிட்ட நேர்ஸ்மாரைப் பற்றித்தான் சொல்கிறேன். இதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

சில வருஷங்களுக்கு முன், ஒரு மாசிமாதக் குளிரில், அம்மாவை மொன்றியலில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைக்குது தம்பி, வாய்வாத்தான் இருக்கும்" எண்டு சொன்னா. வீட்டில் இஞ்சித் தண்ணியும் குடிச்சுப் பார்த்தாச்சு. வாசலில் இருந்த நேர்ஸ் பிரெஞ்சில் விசாரிக்க, நானும் என் அரைகுறைப் பிரெஞ்சில் "வயிற்றில் வாய்வு" என்று சொல்லிவிட்டேன். அவர் என் பேச்சைக் கேட்டபடியே அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வெளியே பனி கொட்டுகிறது, அம்மாவின் நெற்றியிலோ வேர்வை! கையைத் தொட்டார்; சில்லிட்டிருந்தது. அடுத்த சில நிமிஷங்களில் ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு! அம்மா பிழைத்துக்கொண்டா. பிழையாய் மொழிபெயர்த்தவன் நான். சரியாய் வாசித்தவர் அந்த நேர்ஸ்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது? அன்று தொடங்கிய கேள்விதான் இந்தக் கட்டுரை.

நாங்கள் வாழும் இந்த நகரத்தைத் தொடக்கியவர்களில் ஒருவரே நோயாளரைப் பராமரித்த ஒரு பெண்தான். பிரான்சின் லாங்கிர் நகரில் 1606ல் பிறந்த ஜான் மான்ஸ், 1642ல் மெசொன்னேவ் என்பவரின் கூட்டத்தோடு இங்கே வந்து இறங்கினார். 1645ல் ஒட்டல் டியு ஆஸ்பத்திரியைக் கட்டுவித்தார். அவருக்கு நேர்சிங் பள்ளிக்கூடம் கிடையாது. சொந்த ஊரில் யுத்தமும் கொள்ளைநோயும் வந்தபோது காயப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்தே பழகினார். 1657ல் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து அவருடைய வலது கை முறிந்தது. முதல் குளிர்காலத்தில் நாங்கள் விழுந்த விழுகைகளை நினைத்தால் இது எங்களுக்கு நல்லாய் விளங்கும்! இந்த நகரத்தின் இணை நிறுவுநர் என்று மொன்றியல் மாநகரசபை அவரை ஏற்றுக்கொண்டது 2012ல்தான்.

பார்த்துப் பழகியதைப் படிப்பாக மாற்றியவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல். 1859ல் அவர் எழுதிய நேர்சிங் நூலில், நோயாளியை அவதானிப்பதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் உண்டு. 1860ல் லண்டனில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1890ல் நோறா லிவிங்ஸ்ரன் என்ற பெண்மணி மொன்றியல் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு வந்து நேர்ஸ்மாருக்கான பள்ளியைத் தொடங்கினார். கருவிகளும் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. காய்ச்சல் பார்க்கும் சின்ன வெப்பமானி 1866ல் வந்தது. குழாய் வைத்துக் கேட்டுப் பிரஷர் பார்க்கும் முறையை 1905ல் ரஷ்ய டொக்டர் கொரொட்கொவ் கண்டறிந்தார். நாடி, சுவாசம், சூடு, பிரஷர் என்று நேர்ஸ் எழுதும் அந்தத் தாளுக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

எங்கட மண்ணிலும் இதற்கு ஒரு வேர் உண்டு. 1847ல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். அதோடு நில்லாமல் தமிழ் படித்து, மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, எங்கட இளைஞருக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். நோயாளி பேசும் மொழியிலேயே வைத்தியம் நடக்க வேண்டும் என்று 150 வருஷங்களுக்கு முன்பே விளங்கிக்கொண்ட மனிதர் அவர்! 1898ல் இணுவிலில் பெண்களுக்காக மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அங்கே எங்கட பெண்பிள்ளைகள் நேர்ஸ் வேலை பழகினார்கள். அந்தப் பரம்பரை யுத்தத்திலும் நோயாளியை விட்டு ஓடவில்லை. 1987 ஒக்டோபர் 21ல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்தபோது, நோயாளரோடு டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் கொல்லப்பட்டார்கள். அவர்களை நினைக்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

இனி, இன்றைய ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவோம். 'ட்ரியாஜ்' என்பது பிரெஞ்சுச் சொல். தரம் பிரித்தல் என்று அர்த்தம். கனடாவில் 1999 முதல் ஐந்து படிகள் கொண்ட முறை இருக்கிறது. ஆர் முதலில் வந்தது என்று பார்ப்பதில்லை, ஆருக்கு ஆபத்து அதிகம் என்றுதான் பார்க்கிறார்கள். நெஞ்சுநோ என்றால் பத்து நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. பெண்களுக்கும் சலரோகக்காரருக்கும் பெரிய நோவில்லாமல், வேர்வையும் ஓங்காளமும் இழைப்புமாக மாரடைப்பு வரலாம். நேர்ஸ் முகத்தைப் பார்ப்பது அதற்காகத்தான்.

பாரிசவாதத்துக்குக் கியூபெக்கில் 'வீத்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கெதியாய் என்று அர்த்தம். முகம் ஒரு பக்கம் இழுபடுதா, இரண்டு கையையும் உயர்த்த முடியுதா, பேச்சுக் குழறுதா? ஒன்று பிழைத்தாலும் 911. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறித்து வையுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும்.

சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர் திடீரென வேர்த்து, நடுங்கி, தடுமாறினால் சீனி குறைந்திருக்கலாம். அளவு 4க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷத்தில் திரும்பப் பார்ப்பார்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, 911தான். வயதானவர் ஒரே நாளில் அறளை பெயர்ந்தவர்போலப் பேசினால், "வயசு போட்டுது" என்று விடாதீர்கள். அது சலத்திலோ நெஞ்சிலோ உள்ள கிருமியாலும் வரலாம். "நேற்றும் இப்படியா?" என்று நேர்ஸ் கேட்பது இதற்காகத்தான்; அந்தப் பதிலை வீட்டுக்காரர் மட்டுமே சொல்ல முடியும்.

எங்கட பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மம்மாவுக்கு மொழிபெயர்க்கிறபோது சொல்லைச் சுருக்காதீர்கள். "களைக்குது" எண்டால் மூச்சு வாங்குதா, உடம்பு சோருதா? "தலை சுத்துது" எண்டால் வீடு சுழலுதா, மயக்கம் வருதா? கேட்டுச் சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். எங்கே, எப்போதிருந்து, எப்படி என்பதைச் சொன்னால் போதும். பெரியவர்களே, நீங்களும் "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று மறைக்காதீர்கள். அவசரமில்லாத சந்தேகம் என்றால் 811க்கு அடித்தால் இரவிலும் ஒரு நேர்ஸ் பதில் சொல்வார்.

அன்று அந்த நேர்சுக்கு நன்றி சொல்லக்கூட என்னிடம் சரியான பிரெஞ்சு இருக்கவில்லை. இந்தக் கட்டுரையை அந்த நன்றியாக வைத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் சுகமான புத்தாண்டு வாழ்த்துக்கள்.