பேறுபெற்றவன் பேதையான வரலாறு

எண்ணிப் பாராது செய்யும் செயலையும் அதனைச் செய்வாரையும் சுட்ட ஆங்கிலேயர் நாள்தோறும் வழங்கும் பெயரடை 'சில்லி'. அசட்டுத்தனமான, மடமை மிக்க என்று தமிழில் பொருள் கொள்கிறோம். ஆயின் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இச்சொல்லால் சுட்டப்பெறுதல் பெரும்பேறு.

பழைய ஆங்கிலத்தில் 'ஸேலி' என்பதை ஒத்து ஒலித்த இதற்கு, மகிழ்ச்சியுடைய, இறையருள் வாய்த்த என்பனவே பொருள். இதன் உடன்பிறப்பான செருமானியச் சொல் 'ஸேலிக்' அப்பழம்பொருளை இன்றும் கைவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை அருளாளராக உயர்த்துவோரைச் செருமானியர் அச்சொல்லாலேயே குறிப்பர்.

ஆங்கிலத்தில் மட்டும் அது படிப்படியாகச் சரிந்தது. அருள் வாய்த்தவர் கள்ளமற்றவர். கள்ளமற்றவர் உலகியலில் ஏமாறுபவர். ஏமாறுபவர் இரங்கத்தக்கவர், வலுவற்றவர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர், 'கேன்டர்பரி கதைக'ளுள் ஆலைக்காரன் கதையில், மனைவியாலும் உடனுறையும் மாணவனாலும் வஞ்சிக்கப்படும் தச்சனுக்கு இவ்வடையைத் தருகிறார். அது இரக்கமா ஏளனமா எனப் பிரித்தறிதல் அரிது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிவிலி எனும் பொருள் வேரூன்றிவிட்டது. பேறுபெற்றோர் பிழை ஏதும் செய்திலர். அவர்களை நோக்கிய கண்களே மாறின. தமிழிலும் 'பேதை' என்பது இளஞ்சிறுமியையும் அறிவிலியையும் ஒருங்கே சுட்டுதல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

பழம்பொருள் உடனே மாய்ந்துவிடவில்லை. பழங்கவிதை பயில்வார்க்கு இடர் விளைவது இங்கேதான். 1595இல் தூக்கிலிடப்பட்ட சேசு சபைத் துறவி ராபர்ட் சவுத்வெல், தம் பாடலொன்றில் குளிரில் நடுங்கும் குழந்தை இயேசுவையே இச்சொல்லால் அழைக்கிறார். 1629இல் மில்டன் பாடிய கிறிஸ்து பிறப்புப் பாடலில் இடையர்தம் எண்ணங்களுக்கு இதே அடை. இவ்விடங்களில் 'அசடு' என மொழிபெயர்ப்பார் பாடலையே கொன்றவராவர்.

1798இல் வெளிவந்த கோலரிட்ஜின் முதிய மாலுமி பற்றிய கதைப்பாடலில் இச்சொல் கப்பல்தளத்து வாளிகளைச் சேர்கிறது. மழையின்றி நெடுநாள் வறிதே கிடந்த வாளிகள் அவை. பயனற்ற எளிய வாளிகள் என உரைப்பாரும் உளர். பேறுபெற்ற வாளிகள் எனப் பழம்பொருள் காண்பாரும் உளர். அவற்றில் பனிநீர் நிறையக் கனாக் கண்டு, விழித்தபோது மழை பெய்யக் கண்ட மாலுமியின் வாயில் பின்னைய பொருளே பொருந்துகிறது.