மேல்மண்ணும் முதல் நாவலும்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் வழியில், முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போன செம்மண் பூமியில் இருக்கிறது காடாம்புலியூர். எங்கள் வாசக நண்பர் ஒருவர் அங்கே வசிக்கிறார். சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று உறக்கமே இடம் மாறிக்கொண்டிருக்கும் வாழ்க்கை. வீட்டில் வயதான தாயார், பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள். இவற்றுக்கிடையே நான்கு ஆண்டுகளில் தம் முதல் நாவலை எழுதி முடித்தார். அறுநூறு பக்கங்களைத் தாண்டிய அந்தக் கைப்பிரதியை நகலெடுத்து எங்களில் மூவரிடம் கொடுத்து, "நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல வேண்டாம். எதை வெட்டறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

படித்தோம். ஒருவர் வேண்டாம் என்ற அத்தியாயம் மற்றவருக்கு உயிராக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாக அவர் வீட்டுக்குச் சென்று, ஒருமித்த கருத்து எதையும் சொல்ல இயலாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்து வைத்த அவருடைய மனைவி சொன்னார்: "முந்திரித் தோப்பை மூணு தடவை சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணு கடைசியில என்ன ஆனான்னு ஒரு தடவகூடச் சொல்லல."

நண்பர் பதில் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, மகளின் பிளஸ் டூ முடியும்வரை பிரதியைப் பரணில் போட்டுவிடப் போவதாக மட்டும் சொன்னார். அது விவேகமா, தோல்வியா என்று திரும்பும் பேருந்தில் எங்களுக்குள் விவாதம் எழுந்தது. நமக்கு முன்னே எழுதியவர்கள் தங்கள் முதல் நாவலை வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் எப்படிச் செப்பனிட்டார்கள் என்று தேடிப் பார்க்க முனைந்தது அந்த விவாதத்தால்தான். இக்கட்டுரை அந்தத் தேடலின் பயன்.

தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியபோது அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. முன்சீப் பதவியிலிருந்து அவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தார். அடுத்த தலைமுறைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் இளைஞர்கள். சம்பாதித்தாக வேண்டியவர்கள். மாத இதழுக்கு எழுதியவர்கள். அவர்களுள் நம் நண்பரின் நிலைக்கு மிக அருகில் வருபவர் அ. மாதவையா.

1872இல் நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்த மாதவையா, தமது இருபதாவது வயதில், அதாவது 1892இல், 'விவேக சிந்தாமணி' இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற தொடரைத் தொடங்கினார். சில இதழ்களோடு அது நின்றது. அதன்பின் உப்பு, ஆப்காரி இலாகாவில் உத்தியோகம். உப்பளங்களைச் சோதிப்பதும், கள்ளத்தனமாக உப்பும் சாராயமும் கடத்துவோரைப் பிடிப்பதும் அந்த இலாகாவின் பணி. ஊர் ஊராக மாற்றல். வீட்டிலோ குடும்பம் பெருகி, எட்டுக் குழந்தைகளுக்குத் தகப்பனானார். (பின்னாளில் கானுயிர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற மா. கிருஷ்ணன் அவர்களுள் கடைக்குட்டி.) நின்றுபோன அந்தத் தொடர் திருத்தம் பெற்று, 'முத்துமீனாக்ஷி' என்ற பெயரில் நூலானது 1903இல். இடையில் பதினொரு ஆண்டுகள்!

இளமையில் மணம் செய்விக்கப்பட்டு விதவையாகும் ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்லும் சிறிய நாவல் அது. இருபது வயதில் தொடங்கியதை முப்பத்தொரு வயதில் முடித்தவர், அதற்குள் கணவனாகவும் தகப்பனாகவும் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டிருந்தார். பெண்ணின் துயரத்தைச் சீர்திருத்தப் பிரசங்கமாக மட்டும் சொல்லாமல் அவள் வாய்மொழியாகவே சொல்ல நேர்ந்ததில் அந்தக் குடும்ப ஆண்டுகளுக்குப் பங்கிருக்கும் என்றே நாங்கள் கருதுகிறோம். இது எங்கள் ஊகம்தான். ஆனால் அந்நூலைப் படிப்பவர் இதை எளிதில் மறுக்கமாட்டார்.

இதே மாதவையாவிடம் இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த 'பத்மாவதி சரித்திரம்' 1898இல் முதற்பாகமும், அதற்கடுத்த ஆண்டே இரண்டாம் பாகமுமாக வெளிவந்தது. அதோடு அவர் அதை விடவில்லை. உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1924இல் 'பஞ்சாமிர்தம்' என்ற இதழைத் தொடங்கியபோது அதில் மூன்றாம் பாகத்தை எழுதலானார். 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய அன்றே அவர் உயிர் பிரிந்தது. மூன்றாம் பாகம் முடியவில்லை. ஒரே மனிதரின் இரண்டு தொடக்க நாவல்களில் ஒன்று கிடப்பில் கிடந்து கட்டுக்கோப்பான சிறு நூலாக வந்தது. மற்றது அச்சான பின்னும் வளர்ந்துகொண்டே போய், முடிவில்லாமல் நின்றது. பரணில் போடுவதைப் பற்றிக் கவலைப்பட்ட எங்களுக்கு இது முதல் ஆறுதல்.

அதே 1872இல் பிறந்து, அதே 'விவேக சிந்தாமணி'யில் எழுதியவர் பி. ஆர். ராஜமய்யர். 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை தொடராக வந்து, 1896இல் நூலாயிற்று. 1898இல் அவர் மறைந்தார், வயது இருபத்தாறு. நூலைத் திரும்ப எடுத்து ஆற அமரப் பார்க்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. காத்திருக்கலாம் என்று எல்லோருக்கும் அறிவுரை கூற முடியாது என்பதற்கு அவர் சாட்சி.

அறுபது ஆண்டுகள் தள்ளி வந்தால் நாகர்கோவிலில் ஒரு துணிக்கடை. தந்தையின் வணிகத்தைப் பொறுப்பேற்று நடத்திய சுந்தர ராமசாமி, தம் முதல் நாவலை விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி' இதழில் 1959இல் தொடராகத் தொடங்கினார். அத்தியாயங்கள் சில வெளிவந்தபின் தொடர் தடைப்பட்டது. இதழும் பின்னர் நின்றுபோனது. 'ஒரு புளியமரத்தின் கதை' முழு வடிவில் நூலானது 1966இல். கடை, குடும்பம் எனக் கழிந்த ஏழாண்டு இடைவெளிக்குப் பின் வந்த அந்நூல் பருமனில் சிறியது. ஒரு மரத்தையும் அதைச் சுற்றிய முச்சந்தியையும் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் கால்நூற்றாண்டு மாற்றத்தைச் சொல்ல அதற்கு மேல் பக்கங்கள் தேவைப்படவில்லை.

இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. எழுதியவனுக்குத் தன் வாக்கியங்கள் மறந்துபோக வேண்டும். எழுதிய சூடு ஆறாதவரை ஒவ்வொரு வரியும், அதை எழுதிய இரவையும் கண்விழித்த வேதனையையும் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். கை வெட்டத் துணியாது. முழுநேர எழுத்தாளன் வலிந்து ஏற்படுத்திக்கொள்ள வேண்டிய அந்த மறதியை, மாற்றல் உத்தரவும் கடைக் கணக்கும் பிள்ளைகளின் காய்ச்சலும் இலவசமாகவே தந்துவிடுகின்றன.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். மாதவையாவும் சுந்தர ராமசாமியும் குடும்பஸ்தர்கள் என்றாலும், அடுப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் வேறு பேர். அடுப்பையும் பார்த்துக்கொண்டு எழுதியவர்களின் கதை வேறு.

1901இல் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஆறு வயது நிறையும் முன்பே திருமணம் நடந்தது. பள்ளிப் படிப்பு இல்லை. அவர் தம் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். எழுத்துப் பழகியது பிறகுதான். 1925இல் 'ஜகன்மோகினி' இதழின் பொறுப்பை ஏற்று, 'வைதேகி' என்ற முதல் நாவலை அதில் தொடராக வெளியிட்டார். கூட்டுக்குடும்பம், இதழ், மேடைப் பேச்சு, காங்கிரஸ் பணி, சிறை என்று நகர்ந்த வாழ்வில் நூற்றுப் பதினைந்து நாவல்கள். இந்த எண்ணிக்கையை வியப்போடு குறிப்பிடுவது வழக்கம். எங்களுக்கோ இப்போது அது வேறு விதமாகப் படுகிறது. மாதாமாதம் அச்சுக்குப் போகும் இதழுக்காக எழுதிக்கொண்டிருந்தவருக்குப் பதினொரு ஆண்டு காத்திருக்கும் வசதி ஏது? நின்று திருத்த அவகாசமில்லாத எழுத்து என்று அவரைக் குறைத்துப் பேசிய விமர்சகர்கள், அந்த அவகாசத்தை யார் வைத்திருந்தார்கள் என்று கேட்கவில்லை.

இது பழங்கதையும் அன்று. துவரங்குறிச்சியில் கட்டுப்பாடான குடும்பச் சூழலில் வாழ்ந்த சல்மா, தம் கவிதைகளைக் கழிவறையில் ஒளிந்து எழுதினார். புனைபெயரில் அவை வெளிவந்தன. அவருடைய முதல் நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தபோது அவர் பேரூராட்சித் தலைவராகவும் இருந்தார். கடல் கடந்தால் டோனி மாரிசன். இரு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு சிறுகதையாகத் தொடங்கியதைப் பல ஆண்டுகளில் நாவலாக்கி 1970இல் வெளியிட்டார். பிள்ளைகள் உறங்கிய பிறகும், அவர்கள் எழுமுன்னும் கிடைத்த நேரமே அவருடைய எழுத்து நேரம். இவர்களுக்கெல்லாம் இடைவெளி தானாகக் கிடைக்கவில்லை, திருட வேண்டியிருந்தது.

இனி எங்கள் மாவட்டத்துக்கே திரும்புகிறோம். விருத்தாசலத்தில் வாழும், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய இமையம், தம் முதல் நாவலான 'கோவேறு கழுதைக'ளை 1994இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது. ஊராரின் துணி வெளுத்து, தானியக் கூலிக்குக் கையேந்தி நிற்கும் ஆரோக்கியத்தின் வாழ்க்கையை இந்த மண்ணின் பேச்சுமொழியிலேயே சொன்ன நூல் அது. 'செல்லாத பண'த்துக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெறும்வரை நீண்ட அவருடைய பயணம் அங்கேதான் தொடங்கியது. அந்நூலை வெளியிட்ட 'க்ரியா', ராமகிருஷ்ணன் 1974இல் தொடங்கிய பதிப்பகம். பிரதியை வரிவரியாகச் செப்பனிட்ட பின்னரே அச்சுக்கு அனுப்புவது அதன் வழக்கம். தமிழில் பதிப்பாசிரியர் என்பவர் பெரும்பாலும் பிழை திருத்துபவராகவே இருந்த காலத்தில், 'இது வேண்டாம்' என்று ஆசிரியரிடம் சொல்லி, அதற்குக் காரணமும் சொல்லக்கூடிய ஒருவர் கிடைப்பது அரிது. 2020 நவம்பரில் கொரோனாவில் ராமகிருஷ்ணன் மறைந்தபோது தமிழ் இழந்தது அத்தகைய ஒருவரை.

ஆகவே காலம் மட்டும் போதாது. பரணில் கிடக்கும் பிரதி தானாகத் திருந்துவதில்லை, கரையான்தான் அரிக்கும். பிரதியைத் திரும்ப எடுக்கும்போது அதைப் படித்துவிட்டுக் கூசாமல் பேசும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க நீண்ட வார்த்தைகள் தேவையில்லை. சுரங்கப் பணி 1957 மே மாதம் தொடங்கியது. முதல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குப் பட்டது 1961 ஆகஸ்டில். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நடந்ததெல்லாம் மேல்மண்ணை அகற்றும் வேலை. ஒரு டன் கரிக்கு அதைப்போலப் பல மடங்கு மண்ணைப் புரட்டியாக வேண்டும். புரட்டிய மண் எங்கும் மறைந்துவிடுவதில்லை. குன்றாக எழுந்து நிற்கிறது. நண்பர் அந்தக் குன்றுகளின் அடிவாரத்தில்தான் நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறார். தம் பிரதியில் மட்டும் மண்ணையும் கரியையும் ஒன்றாகவே வைத்திருந்தார்.

தேடிச் சேர்த்த இந்தச் செய்திகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் காடாம்புலியூர் போனோம். பரணில் போடுங்கள், ஆனால் இறக்கும் தேதியை இன்றே குறித்துவையுங்கள் என்றோம். இரண்டாவதாக, முதல் வாசகர் நாங்கள் மூவரும் அல்லர், காபி கொடுத்தவர்தான் என்றோம். நண்பர் சற்றுத் தயங்கினார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி கேட்டார்: "படிக்கலாங்க. அந்த நேரத்துக்கு அத்தைக்குக் கஞ்சி யாரு காய்ச்சுவாங்க?"

அந்தக் கேள்விக்கு வரலாற்றிலிருந்து எங்களால் பதில் எடுத்துத் தர முடியவில்லை. நண்பர்தான் பதில் சொன்னார். மகளின் தேர்வு முடிந்த ஏப்ரல் முதல், பகல் ஷிப்ட் வாரங்களில் மாலைச் சமையல் அவருடையது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பென்சிலோடு உட்காருகிறார். சென்ற வாரம் நாங்கள் பார்த்தபோது மூன்று முந்திரித் தோப்புகளில் இரண்டு அடிக்கப்பட்டிருந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில், சிறிய எழுத்தில், 'இவள் எங்கே போனாள்?' என்று எழுதியிருந்தது. அந்த அத்தியாயத்தை நண்பர் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறார்.